மேலே உள்ள இரண்டு போல்ட்டுகள்

பரமசிவத்துக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று மனைவி பூங்கொடியிடம் கேட்பான். அவள் அணைத்துவிட்டேன் என்பாள். அதற்குப் பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பான். இப்படி ஓர் ஆள் ஏ.சி. மாட்டும் தொழிலுக்கு வந்தால் என்ன ஆகும்? மாட்டிய வீட்டுக்கெல்லாம் மறுபடி மறுபடி போய்க்கொண்டிருப்பான். அதுதான் ஆயிற்று.

சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும்போதுதான் அவனுக்குச் சந்தேகம் வரும். ஸ்விட்சை அணைத்தேனா? பைப்பின் நட்டை முழுசாக முறுக்கினேனா? தண்ணீர் போகிற டியூபை ஓட்டைக்கு நேராக விட்டேனா? கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவான். ஒரு தடவை சங்கரன்கோவிலில் மச்சினன் கல்யாணம். ஓசூரில் குடும்பத்தோடு பஸ் ஏறியவன் கிருஷ்ணகிரி டோல்கேட்டிலேயே இறங்கிக்கொண்டான். குந்தாரப்பள்ளியில் ஒரு பாத்திரக் கடைக்கு மாட்டிய ஏ.சி.யில் கேஸ் கசிகிறதோ என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. போய் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதுதான் அவன் போய்ச் சேர்ந்தான். அந்தக் கதையைப் பூங்கொடியின் வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பூங்கொடி மட்டும் சிரிப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவன் பயந்தது ஒரு தடவைகூட நிஜமாகவில்லை. எல்லாம் சரியாகவே இருக்கும். "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று அவனே சொல்லிக்கொண்டு திரும்புவான். அந்த ஒரு வார்த்தையில்தான் அவன் தூங்கியதே. வாடிக்கையாளர்கள் முதலில் பொறுப்பான ஆள் என்றார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள். காவேரிப்பட்டினத்து மண்டிக்காரர் ஒருவர், "ஏம்ப்பா, கரண்ட்டு பில்லவிட நீதான் அடிக்கடி வர்ற" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அவன் ஓசூருக்கு வந்தது இந்தத் தொழிலுக்காக இல்லை. தென்காசியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்ய வேண்டும். முன்னால் போன பாகத்தைத் திரும்பிப் பார்க்க முடியாது, அது பெல்ட்டில் ஓடிப்போய்விடும். பரமசிவத்துக்கு அது நரகமாக இருந்தது. சரியாக முறுக்கினோமா என்று எட்டிப் பார்க்கப் போய் அடுத்ததை விட்டுவிடுவான். சூப்பர்வைசர் கத்துவார். ஒப்பந்தம் முடிந்தபோது அவனை மறுபடி கூப்பிடவில்லை. அவனும் வருத்தப்படவில்லை. பூங்கொடிக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை நிலையாக இருந்தது, மகள் லாவண்யா பிறந்திருந்தாள், ஊருக்குத் திரும்பும் யோசனை யாருக்கும் இல்லை. ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் கொஞ்ச காலம் தொங்கினான், பிறகு சொந்தமாக மாட்ட ஆரம்பித்தான். உத்தனப்பள்ளிக்காரன் முனிவேல் கூட்டாளியாகச் சேர்ந்தான். முனிவேலுக்கு நிலம் உண்டு, டிராக்டர் உண்டு, கவலை மட்டும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆகிவிட்டது.

வெங்கடம்மாளின் பெண்கள் விடுதி இராயக்கோட்டை சாலையை ஒட்டி இருக்கிறது. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்குவது. தக்காளி போட்ட நிலத்தில் கட்டிடம் எழுப்பியவள் வெங்கடம்மாள். அதில் அவளுக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. "தக்காளி அழுகிப்போகும்பா, ஆளுங்க அழுகிப்போக மாட்டாங்க" என்பாள். வீட்டில் தெலுங்கு, காய்கறிக்காரனிடம் கன்னடம், விடுதிப் பெண்களிடம் தமிழ், மூன்றிலும் அதட்டல்தான். இரண்டாம் மாடியில், வாசலுக்கு நேர் மேலே உள்ள அறை அவளுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் ஓசூர் குளிரில் அவள் முழங்கால் மடங்காது. யாரோ சொல்லி, கோடையில் குளிரும் பனியில் சூடும் தரும் ஏ.சி. ஒன்றை வாங்கிவிட்டாள்.

"வெளிய இருக்கற காத்துல இருந்து சூட்ட எடுத்து உள்ள விடும்மா" என்று பரமசிவம் விளக்கினான்.

"பனியில ஏதுப்பா சூடு? என்னை என்ன சின்னப் புள்ளைன்னு நெனச்சியா?"

"இருக்கும்மா. நமக்குத் தெரியாது, மிசினுக்குத் தெரியும்."

"சரி, உன் மிசினு எப்படியோ போவட்டும். ஆயுத பூஜைக்கு முன்னால மாட்டிரு. புது மிசினு, அதுக்கும் பொட்டு வெச்சு பூஜை போடணும். பூஜைக்கு அப்பறம் மாட்டினா அது ஒரு வருசம் சாமி பாக்காம கெடக்கும்."

இது வெங்கடம்மாளின் கிறுக்கு மட்டும் இல்லை. ஓசூரில் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் எந்த மெக்கானிக்கிடமும் பேச முடியாது. கம்ப்ரசர், மோட்டார், மாவு அரைக்கிற கிரைண்டர் வரைக்கும் புதுசாக வாங்கியவர்கள் எல்லாரும் பூஜைக்குள் மாட்டிவிட வேண்டும் என்று நிற்பார்கள். பரமசிவமும் முனிவேலும் அந்த வாரம் ஓடிய ஓட்டத்தில் வெங்கடம்மாளின் முறை பூஜைக்கு முந்தைய நாள்தான் வந்தது.

மொட்டை மாடித் தூணில் கயிற்றைக் கட்டி, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பரமசிவம்தான் வெளிச்சுவரில் இறங்கினான். உள்ளே பைப் வேலை முனிவேலுடையது. வெளி யூனிட்டைத் தாங்க இரண்டு இரும்புக் கை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு போல்ட்டு, மேலே ஒரு போல்ட்டு. கீழ் ஓட்டைகளை முதலில் போட்டான். டிரில் அலறியது, தோள் வலித்தது, சாம்பல் நிறத்தில் பொடி கொட்டியது. கான்கிரீட். "நல்ல செவரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்போதுதான் கீழேயிருந்து வெங்கடம்மாள் கூப்பிட ஆரம்பித்தாள். ராகுகாலம் வருவதற்குள் ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட வேண்டுமாம். ஒயர்மேன் எர்த் கொடுத்தானா என்று பரமசிவத்துக்குச் சந்தேகம். முனிவேலிடம் ஜன்னல் வழியாகக் கேட்டான், பார்க்கச் சொன்னான், மறுபடி பார்க்கச் சொன்னான். இந்தக் களேபரத்திலேயே மேல் ஓட்டைகளையும் போட்டு முடித்தான். டிரில் சடசடவென்று இறங்கியது. சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷம்தான் பட்டான். போல்ட்டை அடித்து, நட்டை முறுக்கி, யூனிட்டைக் கயிற்றில் இறக்கி உட்கார வைத்தார்கள். உள்ளே சூடான காற்று வந்தது. வெங்கடம்மாள் இரண்டு உள்ளங்கையையும் அதற்கு நேராகக் காட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அவள் முகத்தில் அதட்டல் இல்லாததை பரமசிவம் அன்றுதான் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தவன் ஆச்சரியமாக ஒன்றுக்கும் பயப்படவில்லை. எர்த்தை இரண்டு தடவை பார்த்தாயிற்று. நட்டுகளுக்குச் சோப்பு நுரை போட்டாயிற்று. பூங்கொடிகூட, "என்ன இன்னைக்கு எந்திரிக்காம சாப்பிடுதீங்க" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கருவிகளைத் துடைக்க உட்கார்ந்தான். பூஜையில் வைக்கும் சாமான் அழுக்காக இருக்கக் கூடாது. ஸ்பானர்களை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். கேஜ், கட்டர், சுத்தியல் ஒவ்வொன்றாகப் பூங்கொடி வாங்கி, சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுத் தாம்பாளத்தில் அடுக்கினாள். லாவண்யா தன் புத்தகங்களை அதன் பக்கத்தில் வைத்தாள். கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள், நாளைக்கு யாரும் முதலில் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்று. கடைசியாக டிரில் பிட்டு. அதன் முறுக்கு இடுக்குகளில் பொடி அடைத்திருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் தட்டினான். காகிதத்தில் விழுந்தது வெள்ளைப் பொடி. கோதுமை மாவு மாதிரி.

பரமசிவம் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

கடைசியாக அந்தப் பிட்டு தொட்டது வெங்கடம்மாள் சுவரை. கடைசியாகப் போட்டது மேல் ஓட்டைகள். கான்கிரீட் பொடி சாம்பலாக இருக்கும், செங்கல் சிவப்பாக இருக்கும். வெள்ளையாக, மாவாக உதிர்வது ஒன்றே ஒன்றுதான். இப்போது மாடிகளுக்கெல்லாம் வைக்கிறார்களே, கையில் தூக்கினால் எடையே இல்லாத லேசான கல், அது. வெங்கடம்மாள் மாடித் தரையை ஒட்டிய பீமைத்தான் கான்கிரீட்டில் போட்டிருக்கிறாள். அதற்கு மேல் சுவர் முழுக்க அந்தக் கல். அதில் சாதாரண போல்ட்டு நிற்காது. சுவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் துளைத்து, அறைக்குள் இரும்புத் தகடு வைத்து முறுக்க வேண்டும். யூனிட்டின் பாரம் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். கீழ் போல்ட்டு சும்மா சுவரோடு அழுந்திக்கொண்டு நிற்கும். இழுவை மொத்தமும் மேல் போல்ட்டுக்குத்தான். மேல் போல்ட்டு நிற்பது மாவில்.

அதற்கு நேர் கீழே விடுதியின் வாசல். அந்த வாசலில்தான் இன்றைக்குக் கோலம் போட்டு, பெண்கள் எல்லாரும் கூடி, பூசணிக்காய் உடைப்பார்கள்.

"பூங்கொடி, நான் வெங்கடம்மா ஆஸ்டலுக்குப் போயிட்டு வந்துருதேன்."

பூங்கொடி குங்குமக் கிண்ணத்தோடு அவனைப் பார்த்தாள். "ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இது அப்படி இல்ல. மேல போல்ட்டு..."

"போன தீபாவளிக்கும் இது அப்படி இல்லன்னுதான் சொன்னீங்க. பொங்கலுக்கும் அதான் சொன்னீங்க. போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. இன்னைக்கு ஒரு நாளு வீட்டுல உக்காந்து சாமி கும்பிடுவேன்னு பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்களா இல்லையா?"

பண்ணியிருந்தான். காகிதத்தில் இருந்த பொடியைக் காட்டினான். அவளுக்கு அது பொடி, அவ்வளவுதான். அவள் பேரில் தப்பில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் ஏதோ ஒன்றைக் காட்டியிருக்கிறான்.

முனிவேலுக்குப் போன் செய்தான். பின்னால் மேளம் கேட்டது, டிராக்டருக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது.

"என்னாணா, நல்ல நாளும் அதுவுமா."

"மேல் ஓட்டை போடும்போது பொடி என்ன கலருன்னு பாத்தியாடே?"

"நான் உள்ள இருந்தன். நீதானே போட்ட. ஏண்ணா, நேத்து எர்த்து எர்த்துன்னு என் உசுர எடுத்த, இன்னிக்கி செவரா? பேசாம சாமி கும்பிட்டுட்டு சுண்டல துன்னுணா."

வெங்கடம்மாளுக்கு அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. அவனுக்கே தன் பேரில் நம்பிக்கை இல்லை, அதுதான் கொடுமை. எத்தனை தடவை இதே நடுக்கம் வந்திருக்கிறது, எத்தனை தடவை ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. உட்கார்ந்தான். எழுந்தான். லாவண்யா, "அப்பா, நடக்காதீங்கப்பா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"அதுல கைய வைக்காதீங்க" என்றாள் பூங்கொடி. "பொட்டு வெச்ச ஆயுதத்த நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னைக்குத் தொட்டா வருசம் பூரா தொழில் விளங்காது. போறதுன்னா வெறுங்கையோட போங்க. பாத்துட்டு, வழக்கம்போல ஒண்ணுமில்லன்னு வாங்க."

வெறுங்கையோடு போனான்.

வழி நெடுக வாழைக்கன்று கட்டிய லாரிகள். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப் வாசலிலும் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. வண்டிச் சக்கரத்தில் அப்பிய, குங்குமம் கலந்த சிவப்புச் சதையோடு விடுதிக்கு வந்து சேர்ந்தான். வாசலில் இரண்டு வாழை மரம், ஸ்பீக்கரில் பாட்டு, பட்டுப் பாவாடையும் புது சுடிதாருமாகப் பெண்கள். நடுவில் மணிமேகலை என்ற பெண் மண்டியிட்டுக் கோலத்துக்குக் கலர்ப் பொடி தூவிக்கொண்டிருந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், அவன் பேச்சைக் கேட்டு நேற்றே ஊர் விசாரித்தவள். அவள் தலைக்கு நேர் மேலே யூனிட்டு. அதற்கு மாலை போட்டு, சந்தனம் பூசியிருந்தார்கள். அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. வந்த உறவுக்காரர்களுக்கு வெங்கடம்மாள் சூட்டுக் காற்றைக் காட்டிக்கொண்டிருக்கிறாள் போலும்.

படியேறி அவள் அறைக்குள் நுழைந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். இரும்புக் கையின் மேல் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி. நேற்று நகம் நுழையாது. இன்று விரல் நுழையும். யூனிட்டு அதிரும்போதெல்லாம் அந்த இடுக்கிலிருந்து மாவு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கீழே போனது. மணிமேகலையின் கோலத்தில்தான் விழுந்திருக்கும்.

பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏமப்பா, ஏன் நிறுத்தினே?" என்றாள் வெங்கடம்மாள்.

"அம்மா, நான் தப்பா மாட்டிட்டேன். அது விழப் போவுது. கீழ இருக்க பிள்ளைகள வெலகச் சொல்லுங்க."

வெங்கடம்மாளின் முகம் சிவந்தது. "நல்ல நாளுல, பூஜை வேளையில, என் வீட்டுக்குள்ள நின்னு விழுது கிழுதுன்னு பேசறியா நீ? உன்னப் பத்தி எல்லாரும் சொல்றாங்கப்பா, உனக்கு மாட்டினதெல்லாம் விழற மாதிரியே இருக்கும்னு. போ, பூஜை முடியட்டும், சாயங்காலம் வா."

"சாயங்காலம் வரைக்கும் நிக்காதும்மா."

"நிக்கும். நேத்து நீதானே மாட்டினே?"

அவளோடு பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கீழே இறங்கி ஓடினான். மணிமேகலையின் தோளைத் தொட்டு மேலே காட்டினான். "தாயி, அந்த மிசினு சுவர விட்டு வந்துருச்சு. இந்த இடத்துல யாரும் நிக்கக் கூடாது. நீ சொன்னா கேப்பாக." அவள் அண்ணாந்து பார்த்தாள். தன் கோலத்தின் நீல மயிலின் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூளையும் பார்த்தாள். கலர்ப் பொடிக் கிண்ணங்களை வாசலை மறித்து வரிசையாக வைத்தாள், கேட்டை உள்ளே தாழிட்டாள், பெண்களையெல்லாம் கைபிடித்துப் பின்வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்டவளிடம், "மேல பாருடி, அப்பறம் கேளு" என்றாள்.

துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, மொட்டை மாடியிலிருந்து யூனிட்டைச் சுற்றிப் பல சுற்றுச் சுற்றித் தூணில் கட்டினான். அது தாங்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் நேரம் கொடுக்கும். இனி நட்டுகளைக் கழற்ற வேண்டும். கையில் ஸ்பானர் இல்லை.

ஆயுத பூஜையன்று ஓசூரில் ஒரு ஸ்பானர் கடன் வாங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். விடுதி மோட்டார் ரூமில் ஒரு செட் இருந்தது, அது வெங்கடம்மாளின் பூஜையில் இருந்தது, அவள் தர மாட்டேன் என்றாள். எதிரே பஞ்சர் கடைக்காரர் தன் கருவிகளுக்கு மாலை போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். அடுத்த தெரு லேத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "உசுர வேணா கேளு சாமி தர்றேன், ஸ்பானர மட்டும் கேக்காத." அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பரமசிவம் வாசலுக்கு வந்து, கிண்ணங்களுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மேலே பார்த்தான். மாலையில் இருந்த பூக்கள் காற்றில்தான் ஆடுகின்றனவா என்று தெரியவில்லை.

பூங்கொடிக்குப் போன் செய்தான். "கையில ஸ்பானர் இல்ல" என்றான். "மேல் போல்ட்டு வெளிய வந்துருச்சு." வேறு ஒன்றும் சொல்லவில்லை. பூங்கொடி போனை வைத்துவிட்டாள்.

வழக்கமான நடுக்கத்தில் அவன் நிறுத்தாமல் பேசுவான். ஆயிரம் காரணம் சொல்வான். பூங்கொடி அதைப் பதினைந்து வருஷமாகக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவன் இரண்டு வார்த்தை பேசியதுதான் அவளைத் தூக்கிப் போட்டது. ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவள் கையில் பை இருந்தது. கருவிகள் எல்லாவற்றிலும் சந்தனம் ஈரமாகவே இருந்தது. பெரிய ஸ்பானரை எடுத்துச் சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்து அவனிடம் நீட்டினாள். "சாமி நம்மள ஒண்ணும் சொல்லாது. மெதுவாப் பண்ணுங்க" என்றாள்.

முனிவேலுக்கும் அவள்தான் பேசியிருக்கிறாள். நெற்றி நிறைய குங்குமத்தோடு, தோளில் டிராக்டரில் கட்டும் வடக்கயிற்றோடு அவன் வந்து இறங்கினான். மேலே பார்த்தவன், "எம்மா" என்று மட்டும் சொன்னான்.

வடத்தை யூனிட்டின் நான்கு காலிலும் வாங்கி மொட்டை மாடித் தூணில் இறுக்கினார்கள். பரமசிவம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வால்வுகளை மூடினான், பைப்பைக் கழற்றினான், பைப்பில் மிச்சமிருந்த கேஸ் சீறிப் போனது. யூனிட்டின் கால் நட்டுகளைக் கழற்றியதும் முனிவேல் வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, அது மாலையும் கழுத்துமாகக் கீழே இறங்கி மயிலின் மேல் உட்கார்ந்தது. பிறகு பரமசிவம் வலது பக்கத்து இரும்புக் கையின் மேல் நட்டில் ஸ்பானரை வைத்தான். முறுக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பானர் பட்டதும் போல்ட்டு முழுசாக வெளியே வந்து அவன் மணிக்கட்டில் மோதிக் கீழே விழுந்தது. இடது பக்கத்தை விரலாலேயே உருவினான். கீழ் போல்ட்டுகள் இரண்டும் அசையவே இல்லை. கான்கிரீட், நேற்று அவன் சொன்ன நல்ல சுவர்.

விடுதியே பின்வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெங்கடம்மாள் மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். விழுந்து கிடந்த போல்ட்டையும் யூனிட்டையும் மணிமேகலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பரமசிவம் திட்டு வாங்கத் தயாராக நின்றான். வாங்க வேண்டியதுதான் என்றே நினைத்தான், அவன் போட்ட ஓட்டைக்கும் அவன் பார்க்காத பொடிக்கும் வேறு யார் பொறுப்பு?

"பூசணிக்காய எடுத்துட்டு வாங்கடி" என்றாள் வெங்கடம்மாள். "இந்தப் புள்ளைங்களுக்கு எல்லாம் சுத்திப் போடணும். மொதல்ல அந்த விருதுநகர் பொண்ணு." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீயும் வந்து நில்லு. உனக்கும் சேத்து சுத்தறேன். தகடு கிகடு என்ன வேணுமோ வெச்சு மறுபடி நீதான் மாட்டணும். ஆனா நான் அவசரப்படுத்தினேன்னு சொல்லாதே, அவசரப்பட்டது நீ."

"ஆமாம்மா" என்றான் பரமசிவம்.

பூசணிக்காய் உடைந்தது, எல்லாரும் சுண்டல் தின்றார்கள், முனிவேல் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு டிராக்டர் பூஜைக்குத் திரும்பிப் போனான். போகும்போது, "அண்ணா, இன்னிக்கி மட்டும் நீ சுண்டல துன்னுட்டு உக்காந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

பரமசிவம் பூங்கொடியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கும் என்று எதிர்பார்த்தான். இறங்கவில்லை. பாத்தியா, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு வழியில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஏதோ இருந்திருக்கிறது. பூங்கொடி ஏதாவது சொல்ல மாட்டாளா என்றிருந்தது. வழக்கமாக அவள்தான் தலையில் அடித்துக்கொண்டு, விடுங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கும் என்பாள். அந்தத் திட்டுக்கு அவன் இவ்வளவு ஏங்கியதே இல்லை. இராயக்கோட்டை சாலை சிக்னலில் நின்றபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"லாவண்யா ஸ்கூல்ல மாடியில கம்ப்யூட்டர் ரூமுக்கு ஒண்ணு மாட்டுனீங்கல்ல?"

"ஆமா."

"அதுக்குக் கீழதான பிள்ளைக சைக்கிள் விடுதுக?"

"அது நல்ல செவரு, பூங்கொடி. அன்னைக்கே நான் திரும்பப் போய்ப் பாத்துட்டு வந்தேன். நீகூட திட்டுன."

"திட்டுனேன். போயி எதப் பாத்தீங்க?"

சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பரமசிவம் யோசித்தான். ஸ்விட்சைப் பார்த்தான். நட்டுக்குச் சோப்பு நுரை போட்டான். தண்ணீர் டியூபைப் பார்த்தான். அங்கே மட்டும் இல்லை, குந்தாரப்பள்ளியில், காவேரிப்பட்டினத்தில், கல்யாணத்தை விட்டுவிட்டு ஓடிய இடத்தில், ஓடிய எல்லா இடத்திலும் அவன் பார்த்தது அவற்றைத்தான். சுவரை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"ஸ்விட்சைப் பாத்தேன்" என்றான்.

பூங்கொடி அவன் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "வலது பக்கம் திருப்புங்க" என்றாள். வலது பக்கம் போனால் வீடு இல்லை.

பள்ளிக்கூடம் பூஜை விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. கேட்டில் வாழைக்கன்று கட்டிச் சந்தனம் தெளித்திருந்தார்கள். மாடிச் சுவரில் வெளி யூனிட்டு தெரிந்தது, அதன் கீழே காலியான சைக்கிள் ஸ்டாண்டு. இங்கிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வாட்ச்மேனையும் காணோம்.

"நாளைக்கு வந்து பாத்துக்கலாமா? நாளைக்கும் லீவுதான்" என்று பரமசிவம் கேட்டான். அப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

பூங்கொடி வண்டியிலிருந்து இறங்கிப்போய் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து ஆட்டி, வாட்ச்மேனைக் கூப்பிட ஆரம்பித்தாள்.